சாமுராய் வீட்டின் பின்பக்கம்: மட்சுவேயிலும் ஹாகியிலும் அப்பாவோடு ஐந்து நாள்

அப்பா நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். அம்பாசமுத்திரம் பக்கம் அவர் செய்து மாட்டிய வாசல் நிலைகளும் கதவுகளும் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன. நான் ஒசாகாவில் வேலை பார்க்கிறேன். போன மே மாதம் அவர் என்னைப் பார்க்க வந்தபோது, முதல் வேலையாக ஒசாகா கோட்டைக்குக் கூட்டிப் போனேன். உள்ளே நுழைந்ததும் லிஃப்ட். அவர் சுவரில் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "காங்கிரீட்டும்மா" என்றார். உண்மைதான். இப்போது நிற்கும் ஒசாகா கோட்டை 1931இல் கட்டியது. "மரத்துல கட்டினது, அப்படியே நிக்குறது ஏதாவது இருந்தா அங்க போலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஜப்பானில் சாமுராய் காலத்துக் கோட்டை பார்க்கக் கிளம்பும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். ஊருக்கு ஊர் கோட்டை இருக்கும், ஆனால் பழைய கோபுரமே அப்படியே நிற்பது நாடு முழுக்க 12 இடங்களில்தான். மற்றவையெல்லாம் பிற்காலத்தில் திரும்பக் கட்டியவை, பாதிக்கு மேல் காங்கிரீட். அந்தப் பன்னிரண்டிலும் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி பெற்றவை ஐந்து: ஹிமேஜி, ஹிகோனே, இனுயாமா, மட்சுமோட்டோ, மட்சுவே. ஒசாகாவிலிருந்து பக்கம் ஹிமேஜிதான். கூட்டத்துக்குப் பயந்து மட்சுவேயைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியே மேற்கே இறங்கி ஹாகி வரை போய்வரலாம் என்று ஐந்து நாள் விடுப்பு போட்டேன்.

இந்த இரண்டு ஊரும் இருக்கும் கடற்கரைப் பகுதிக்கு சானின் என்று பெயர். மலைக்கு நிழல் விழும் பக்கம் என்று அர்த்தம். மழை அதிகம். 'கட்டுச்சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே' என்று அங்கே ஒரு சொலவடையே உண்டு. நாங்கள் போன ஐந்து நாளில் மூன்று நாள் நனைந்தோம், அதனால் அந்தச் சொலவடையை நம்பலாம்.

ஒகயாமா வரை ஷின்கான்சென் புல்லட் ரயில். அங்கிருந்து யாகுமோ விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம் மலைக்குள் வளைந்து வளைந்து போனால் மட்சுவே. ரயிலில் வயிற்றைப் புரட்டும் ஆட்களாக இருந்தால் சாப்பாட்டை இறங்கின பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்குக் காலை எட்டரைக்கே போய்விட்டோம். கருப்புப் பலகை போர்த்திய கோபுரம். ஹிமேஜியின் வெள்ளையைப் படத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். 1607இல் ஹோரியோ யோஷிஹாரு என்ற பிரபு கட்ட ஆரம்பித்து 1611இல் முடிந்தது. 1638 முதல் மட்சுதைரா வம்சத்தின் பத்துத் தலைமுறை ஆண்டது. வெளியிலிருந்து எண்ணினால் நாலு அடுக்கு, உள்ளே அடித்தளத்தையும் சேர்த்து ஆறு தளம், சுமார் 30 மீட்டர் உயரம்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். லேஸ் கட்டும் ஷூ போட்டுக்கொண்டு இந்த மாதிரி ஊர்களுக்குப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். குனிந்து நிமிர்வதிலேயே அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலமே சும்மா காலை நுழைத்துப் போகிற மாதிரி ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். காலுறை கனமானதாக இருக்கட்டும். மே மாதத்திலும் அந்த மரத் தளம் காலையில் சில்லென்று இருந்தது. வழுக்கவும் செய்யும், அதனால் அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை கிடைத்தால் இன்னும் நல்லது.

நுழைவதே ஒரு துணைக் கோபுரம் வழியாகத்தான். இரும்புத் தகடு அடித்த கதவு. அதைத் தாண்டி வருகிறவனைக் குறிபார்க்க உள்சுவரில் துப்பாக்கித் துளைகள். எதிரி கதவை உடைத்து உள்ளே வந்தபின்பும் சண்டை முடிவதில்லை என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அடித்தளத்தில் ஒரு கிணறு, முற்றுகையில் மாட்டிக்கொண்டால் தண்ணீருக்கு.

அப்பா எனக்கு முன்னால் போய்விட்டார். தேடினால் ஒரு தூணின் முன்னால் நிற்கிறார். தூணைச் சுற்றிப் பலகை வைத்து, அதன்மேல் இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தது. "ஏம்மா, இது ஏன் தெரியுமா? நல்ல பெரிய மரம் கிடைக்கல. கிடைச்சதுல விரிசல் இருந்திருக்கு, மேல பலகை போட்டு மூடியிருக்கான்" என்றார். பார்த்துக்கொண்டே போனால் அப்படிப்பட்ட தூண்கள் பல தளங்களில் இருந்தன. இன்னொன்றையும் காட்டினார். கீழிருந்து உச்சி வரை ஒரே தூணாக எதுவும் ஓடவில்லை. இரண்டு தளத்துக்கு ஒரு தூண், அது முடிகிற இடத்தில் வேறு இடம் மாற்றி இன்னொரு தூண். நீளமான மரம் இல்லாமலே உயரமாகக் கட்டும் வித்தை அது. நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கழுத்தை அண்ணாந்து விட்டங்கள் எங்கே சேர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நானும் அப்படியே பார்க்கப் பழகினேன். வாள், கவசம் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால்தான் எல்லோரும் நிற்கிறார்கள். அவற்றை எந்த அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். அந்தத் தூண்களைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

படிக்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கிரி மரத்தால் ஆனது, ஒவ்வொரு பலகையும் சுமார் 10 சென்டிமீட்டர் கனம். ஜப்பானில் பீரோவும் கோட்டோ வாத்தியமும் செய்கிற மரம் அது. தக்கை மாதிரி லேசு, சீக்கிரம் தீப்பிடிக்காது. ஆபத்து வந்தால் படியை மேலே இழுத்துக்கொள்ளலாம், தீ வைத்தாலும் தாங்கும் என்பதற்காக இந்த மரம் என்கிறார்கள். அப்பா ஒரு படியின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து வைத்து அளந்தார். நடுப்பக்கம் பல தலைமுறைக் கால்கள் தேய்த்து மழுங்கிப்போயிருந்தது.

ஆனால் அது படிக்கட்டு என்பதைவிட ஏணி என்பதே சரி. முட்டிவலி உள்ளவர்கள் ஏறுவதற்கு முன் யோசியுங்கள். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். நாங்கள் கண்டுபிடித்த வழி: முகத்தைப் படிப் பக்கம் திருப்பிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, ஏணியில் இறங்குவதுபோல் பின்னால் இறங்குவது. தோள்பையை லாக்கரில் வைத்துவிட்டுப் போங்கள், அதற்கு நூறு யென் நாணயங்கள் கையில் இருக்கட்டும். மேலிருந்து ஆள் வந்தால் கீழே இருப்பவர் காத்திருப்பது அங்கே வழக்கம், யாரும் அவசரப்படுத்துவதில்லை. காலையில் சீக்கிரம் போனால் படி காலியாக இருக்கும். ஏறினதற்குப் பலன் உண்டு. உச்சித் தளம் நாலு பக்கமும் திறப்பு, ஒரு பக்கம் ஷின்ஜி ஏரி விரிந்து கிடக்கும்.

இந்தக் கோபுரம் எப்படித் தப்பியது என்ற கதையில்தான் எனக்கு மனசு நின்றுவிட்டது. சாமுராய் ஆட்சி முடிந்து மெய்ஜி அரசு வந்ததும் கோட்டைகளை ஏலத்தில் விட்டார்கள். 1875இல் மட்சுவே கோபுரத்துக்கு விழுந்த விலை 180 யென். வளாகத்தின் மற்றக் கட்டடங்கள் அதைவிட அற்ப விலைக்குப் போய் இடிபட்டன. கட்சுபே மொடோஎமோன் என்ற வசதியான விவசாயியும், தகாகி கோன்பாச்சி என்ற பழைய சாமுராயும் அந்தப் பணத்தைத் திரட்டி அரசுக்குக் கட்டிக் கோபுரத்தை மட்டும் காப்பாற்றினார்கள்.

அப்புறமும் ஒரு குறை இருந்தது. கோபுரம் எந்த வருஷம் கட்டி முடிந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. தேசியப் பொக்கிஷத் தகுதிக்கு அது தடையாக நின்றது. 2012இல் கோட்டை வளாகத்திலேயே உள்ள மட்சுவே ஆலயத்தில் இரண்டு பழைய பிரார்த்தனைப் பலகைகள் கிடைத்தன. கெய்ச்சோ 16, அதாவது 1611 என்று அவற்றில் எழுதியிருந்தது. அவை இந்தக் கோபுரத்தில் இருந்தவைதான் என்று எப்படி நிரூபிப்பது? பலகையிலிருந்த ஆணித் துளைகளை அடித்தளத்துத் தூண்களில் இருந்த துளைகளோடு பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது. 2015இல் தகுதி கிடைத்தது. இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா திரும்ப அடித்தளத்துக்கு இறங்கிவிட்டார். பலகைகளின் நகல்களை அங்கே தூணில் மாட்டிக் காட்டியிருக்கிறார்கள். அவர் பத்து நிமிஷம் அதன் முன்னால் நின்றார். நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அடித்த ஆணி சாட்சி சொல்லியிருக்கிறது என்பது அவருக்குத் தனி சந்தோஷம்.

கோட்டைக்கு வடக்கே அகழியை ஒட்டி ஷியோமி நவாத்தே என்ற தெரு. அரை கிலோமீட்டர்தான் இருக்கும். ஒரு பக்கம் வளைந்து நிற்கும் பைன் மரங்கள், மறுபக்கம் சாமுராய் வீடுகள். அதில் ஒன்று, நடுத்தரப் படிநிலை சாமுராய்கள் குடியிருந்த வீடு. 1733இல் வந்த தீயில் எரிந்தபின் கட்டியது. உள்ளே ஏற முடியாவிட்டாலும் சுற்றி நடந்து அறைகளைப் பார்க்கலாம்.

இங்கேதான் 'பின்பக்கம் போய்ப் பார்' என்ற அப்பாவின் பாடம் எனக்கு முழுசாக விளங்கியது. முன்பக்கம் விருந்தினருக்கு: அகலமான வாசல் மேடை, நல்ல மரம், உயரமான கூரை, மேலதிகாரி வந்தால் உட்காரவைக்கும் அறை. சுற்றிக்கொண்டு பின்னால் போனால் அதே வீட்டுக்காரர்கள் வாழ்ந்த பகுதி: மெலிந்த தூண், சாதாரணப் பலகை, சின்னச் சின்ன அறைகள். ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு மாதிரி. படங்களில் பார்த்த சாமுராய் வாளோடு குதிரையில் வருவான். இந்த வீட்டில் வாழ்ந்தவர் சம்பளமாக வந்த அரிசியை வைத்துக் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்தியவர், வெளியாள் வந்தால் மட்டும் கௌரவம் காட்ட வேண்டியிருந்தவர். வாசல் கட்டடமே நீளமாக இருக்கும், அதில் வேலைக்காரர்களுக்கு அறை. இப்படி ஒரு வீட்டைப் பார்க்கும்போது முன்வாசலில் ஐந்து நிமிஷம் செலவழித்தால் அடுப்படிப் பக்கம் பதினைந்து நிமிஷம் செலவழியுங்கள்.

அதே தெருவில் லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் குடியிருந்த வீடும் இருக்கிறது. 1890இல் ஆங்கில ஆசிரியராக இந்த ஊருக்கு வந்தவர். சாமுராய் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செட்சுவை மணந்து, கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். 1891இல் சுமார் ஐந்து மாதம் இந்த வீட்டில் இருந்திருக்கிறார். இங்கே உள்ளே போய்த் ததாமிப் பாயில் உட்காரலாம். ஓர் அறையில் உட்கார்ந்தால் மூன்று பக்கமும் தோட்டம். நின்றுகொண்டு பார்க்காதீர்கள், அந்தத் தோட்டம் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அமைத்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மழை பிடித்தது. அரை மணி நேரம் அங்கேயே இருந்தோம், அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வீடுகளில் நடந்துகொள்ள வேண்டிய விதம் எளிது. பாயின் துணி விளிம்பையும் நிலைப்படியையும் மிதிக்கக்கூடாது. நிலைப்படி விஷயம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. காகிதக் கதவில் சாயக்கூடாது. முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொண்டால் திரும்பும்போது எதிலும் இடிக்காது.

சாயங்காலம் அகழியில் படகுச் சவாரி. சுமார் 50 நிமிஷம். தாழ்வான பாலங்கள் வரும்போது படகின் கூரை அப்படியே கீழே இறங்கும், எல்லோரும் குனிய வேண்டும். கோட்டையின் கல்மதிலைத் தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்க வேறு வழி இல்லை. நடந்து களைத்தவர்களுக்கு இது நல்ல ஓய்வும்கூட.

சாப்பாடு விஷயம். அப்பா செவ்வாய், வெள்ளியில் கவுச்சி தொடமாட்டார். இசுமோ சோபா என்ற நூடுல்ஸ் இந்த ஊரின் பெருமை. வட்டமான அரக்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். காய்கறி போட்ட சோபா என்று கேட்டாலும் ஊற்றும் சாறு மீனில் எடுத்ததுதான். சைவக்காரர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் சாறும் வேண்டாம் என்று எழுதிய ஒரு சீட்டைக் காட்டுவது நல்லது. நாங்கள் செவ்வாய்க்கிழமைக்கு ஒசாகாவிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். புதன்கிழமை காலை ஷின்ஜி ஏரியின் ஷிஜிமி சிப்பி போட்ட மிசோ சூப்பை அப்பா இரண்டு கிண்ணம் குடித்தார்.

மூன்றாம் நாள் ஹாகிக்கு. இதில்தான் நான் தப்புக் கணக்கு போட்டேன். வரைபடத்தில் பார்த்தால் கடற்கரையோரம் நேர் கோடு. மசுதா வரை விரைவு ரயில் இருக்கிறது, சரி. அதற்கப்புறம் ஒரே ஒரு பெட்டி ஓடும் உள்ளூர் ரயில், அதுவும் நாளைக்குச் சில தடவைதான். ஒசாகாவில் ஐந்து நிமிஷத்துக்கொரு ரயில் பார்த்துப் பழகிய புத்தியில், மட்சுவேயில் ஒரு ரயிலைத் தவறவிட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மசுதாவில் இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். ஹாகியில் அன்றைக்குப் பார்க்க நினைத்த எல்லாம் மூடிவிட்டது. சானின் பக்கம் போகிறவர்கள் முதலில் ரயில் நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்பத்தான் ஊர் பார்க்கத் திட்டம் போட வேண்டும். இறங்க வேண்டியது ஹிகாஷி-ஹாகி நிலையத்தில். ஹாகி என்றே ஒரு நிலையம் இருக்கிறது, தங்கும் விடுதிகள் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில் இல்லை. ஆனால் ரயிலில் போன அந்த ஒன்றேகால் மணி நேரமும் ஜன்னலில் கடல், அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஹாகியில் கோட்டை கிடையாது. மோரி தெருமோட்டோ 1600இல் செகிகஹாரா போரில் தோற்ற பக்கம் இருந்தார். எட்டு மாகாணம் வைத்திருந்தவருக்கு இரண்டை மட்டும் விட்டு இந்தக் கடலோர மூலைக்குத் தள்ளினார்கள். 1604இல் கோட்டை கட்டத் தொடங்கினார். 1874இல் அது இடிக்கப்பட்டது. இப்போது இருப்பது அகழியும் கோபுரத்தின் கல் அடித்தளமும்தான். மட்சுவேயில் இரண்டு பேர் முன்வந்தார்கள், இங்கே அப்படி நடக்கவில்லை. ஆனால் கோட்டை போன இடத்தில் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. எடோ காலத்து, அதாவது சாமுராய் ஆட்சிக் காலத்து வரைபடத்தை வைத்துக்கொண்டே இன்றும் வழி கண்டுபிடிக்கலாம் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஊருக்கு சைக்கிள்தான் சரி. தரை சமம், கார் குறைவு, வாடகைக்கு எளிதாகக் கிடைக்கும். அப்பா ஊரில் இன்றும் சைக்கிள்தான் ஓட்டுகிறார், அதனால் என்னைவிட வேகம். ஹொரியுச்சி பகுதியில் காகிமகாரி என்ற தெரு வளைவு ஒன்று உண்டு. கொக்கி மாதிரி சட்டென்று திரும்பும், இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவர். வருகிற எதிரிக்கு அடுத்த பத்தடி தெரியக்கூடாது என்பதற்காக. முன்னால் போன அப்பா அந்த வளைவில் திரும்பினதும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டார். சைக்கிள் மணிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. எந்த விளக்கப் பலகையும் சொல்லாததை அந்த ஒரு நொடி சொல்லிவிட்டது.

கோட்டை வாசலை ஒட்டி, மோரி வம்சத்தின் ஒரு கிளைக் குடும்பத்துக்குச் சொந்தமான நீள வீடு இருக்கிறது, சுமார் 50 மீட்டர் நீளம், 1856இல் கட்டியது. வரிசையாக அறைகள். அதிகம் பேர் நிற்காமல் போகும் இடம், நீங்கள் நில்லுங்கள். கிகுயா சந்தில் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே தகாசுகி ஷின்சாகு பிறந்த வீடு, பக்கத்துச் சந்தில் கிதோ தகாயோஷியின் வீடு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் யோஷிதா ஷோயின் பாடம் நடத்திய ஷோகா சொன்ஜுகு. எட்டுப் பாய் விரிக்கிற அறையில் தொடங்கிய பள்ளிக்கூடம். நாட்டின் முதல் பிரதமர் இதோ ஹிரோபுமி அங்கே படித்தவர். ஷோயினுக்கு 1859இல் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், மரண தண்டனை நிறைவேறியது. ஷின்சாகு, தகாயோஷி என்று சாமுராய் ஆட்சியைக் கவிழ்த்த ஆட்களில் பலர் இந்தச் சின்ன ஊரின் சாமுராய் வீட்டுப் பிள்ளைகள்.

ஆனால் எனக்கு ஹாகி என்றால் வாசனைதான் ஞாபகம் வருகிறது. மண்சுவர்களுக்கு மேலே எல்லா வீட்டிலும் நட்சுமிகான் மரம் எட்டிப் பார்க்கும், நம் நார்த்தங்காய் போலத் தோல் தடித்த மஞ்சள் பழம். மே நடுவில் மரத்தில் பழமும் இருக்கும், புதுப் பூவும் இருக்கும். தெரு முழுக்க எலுமிச்சைப் பூ மாதிரி ஒரு மணம். அழகுக்கு நட்டது என்றே முதலில் நினைத்தேன். அது பஞ்சத்துக்கு நட்டது. ஆட்சி மாறினதும் சாமுராய்களுக்குச் சம்பளம் நின்றுபோனது. வேறு தொழில் தெரியாது. 1876இல் ஒபாதா தகமசா என்ற பழைய சாமுராய், காலியாகக் கிடந்த வீட்டு மனைகளில் இந்த மரத்தை வளர்த்துப் பழத்தை விற்கலாம் என்று கன்று வளர்க்க ஆரம்பித்தார். அது ஊருக்கே சோறு போட்டது. காற்றிலிருந்து மரத்தைக் காக்க அந்த உயரமான சுவர்கள் உதவின, மரத்துக்காகச் சுவர்களும் இடிபடாமல் நின்றன.

போகிறவர்கள் ஏப்ரல் கடைசி, மே முதல் வார விடுமுறையைத் தவிர்த்துவிட்டு மே நடுவில் போங்கள். கூட்டமும் இருக்காது, பூவும் இருக்கும். பல வீடுகள் மாலை ஐந்துக்குள் மூடிவிடும், கடைசி நுழைவு அதற்கும் அரை மணி முன்னால். சின்ன வீடுகளில் நுழைவுச் சீட்டுக்கு ரொக்கம் வைத்திருங்கள்.

கடைசி நாள் ஒரு வீட்டு வாசலில் பெட்டி நிறையப் பழம் வைத்து, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா வைத்திருந்தார்கள். ஆள் யாரும் இல்லை. அப்பா நூறு யென் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துச் சுவரோரம் நின்றே உரித்தார். நல்ல புளிப்பு. ரயிலில் ஏறினதும் என் நோட்டை வாங்கி, இரண்டு தளத் தூண்கள் இடம் மாறி நிற்பதைக் கோடு போட்டு வரைய ஆரம்பித்தார். விரலில் இன்னும் பழத்தோல் வாசனை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "ஏம்மா, அந்த ஆணித்துளை தரையிலேருந்து எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?" என்று கேட்டார். கைபேசியில் இருந்த படங்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். பலகையின் எழுத்தைக் கிட்டத்தில் எடுத்த படம்தான் இருந்தது, தூண் முழுசாக எதிலும் இல்லை. அவர் தான் வரைந்த படத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, மீதித் தூண்களை வரைந்துகொண்டே வந்தார்.